எழுத்துக்கு இரண்டு ரூபாய்

சென்னை
23-6-2024

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதி நேரம் அம்மாவுக்குப் போகிறது, மீதி நேரம் ‘கேக்குதா, கேக்குதா’ என்பதில் போகிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு லீவு. அதனால் வாட்ஸ்அப்பிலேயே ஒரு கடிதமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு சங்கடம் உண்டு. தமிழ் கீபோர்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் எனக்குத் திரும்பி வரத் தெரியாது. அதனால் ரோமன் எண்ணுக்கான எழுத்துகளையெல்லாம் வாயால் சொல்கிற மாதிரி ஐ (ஒன்று), வி (ஐந்து), எக்ஸ் (பத்து) என்று தமிழிலேயே போடுகிறேன். நீ மனதுக்குள் மாற்றிக்கொள்.

ரோமன் எழுத்து எதற்கு என்கிறாயா? கடையில் ஒரு கூத்து நடந்தது.

இந்த மாத முதல் வாரம் ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். காலேஜ் படிக்கிற வயசு. மூன்று அடுக்கு டிபன் கேரியர் ஒன்று வாங்கினார்கள். அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாளாம். மூடியில் இரண்டு பேர் பெயரும், அதன் கீழே கல்யாணத் தேதியும் வேண்டும். தேதி 9-6-1999. “அங்கிள், தேதியை மட்டும் ரோமன்ல போடுங்க, இப்போ அதுதான் ஸ்டைல்” என்றது அந்தப் பெண். முப்பது வருஷமாகப் புரசைவாக்கத்தில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிறவன், வராது என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டேன்.

ஒன்பதுக்கு ஐ-எக்ஸ். ஆறுக்கு வி-ஐ. இரண்டும் கடைச் சுவர்க் கடிகாரத்திலேயே இருக்கின்றன, நிமிர்ந்து பார்த்துப் போட்டுவிட்டேன். வருஷத்துக்குக் கடிகாரம் உதவாது. எம் என்றால் ஆயிரம், அது மட்டும் தெரியும். அப்புறம் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இரண்டாயிரத்துக்கு எம்-எம். அதில் ஒன்று குறைய வேண்டும். எக்ஸுக்கு முன்னால் ஐ நின்றால் ஒன்பது ஆகிறதே, அதே கணக்கில் எம்-எம்முக்கு முன்னால் ஒரு ஐயை நிறுத்தினால் தீர்ந்தது. ஐ-எம்-எம் என்று வெட்டி, துணியால் துடைத்து, பெருமையாகக் கையில் கொடுத்தேன்.

அந்தப் பெண் மூடியைப் பார்த்தது. போனைத் தட்டியது. மறுபடியும் மூடியைப் பார்த்தது. “அங்கிள், இது ஏதோ காலேஜ் பேர் மாதிரி இருக்கே” என்றது.

எவர்சில்வரில் வெட்டியது வெட்டியதுதான். பஃப் போட்டுத் தேய்த்தால் எழுத்து மங்கும், ஆனால் அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி தனியாகப் பளபளக்கும், தப்பு நடந்த இடம் இதுதான் என்று ஊருக்குச் சொல்லும். அதே மாதிரி வேறு கேரியர் எடுத்துக் கொடுத்தேன். சரியான எழுத்துகளை அந்தப் பெண்ணே ஒரு சீட்டில் எழுதித் தந்தது, அதைப் பார்த்து அப்படியே வெட்டினேன். முதலாளி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைக் கணக்கில் சொன்னார். முதல் கேரியர் இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறது. யாரோ இரண்டு பேர் பெயரோடு எனக்கு மத்தியானச் சாப்பாடு அதில்தான் வருகிறது.

காசு போனதைவிட, புரியாமல் வெட்டியதுதான் எனக்கு உறுத்தியது. யாராவது இந்தியில் பெயர் எழுதிக் கொடுத்தால்கூட, கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொண்டுதான் ஊசியை வைப்பேன். உனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி உன் ஐந்தாம் வகுப்பு வீட்டுப்பாடம் ஞாபகம் வந்தது. தரையில் தீக்குச்சிகளை வைத்து ஒன்று முதல் இருபது வரை ரோமன் எண் போட்டுக்கொண்டிருந்தாய். நாலு எப்படிப்பா என்று கேட்டாய். நான் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், கடிகாரத்தைப் பார்த்துப் போடு என்றேன். நம் வீட்டுக் கடிகாரத்தில் நாலுக்கு நாலு கோடு நிற்கும். நீயும் நாலு குச்சி வைத்து, அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போனாய். சிவப்பு மையில் பெருக்கல் குறியோடு வந்தாய். கடிகாரத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று அழுதாய். அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. ரோமன் எண் போட்ட கடிகாரங்களில் பெரும்பாலும் நாலு கோடுதான் போடுவார்கள், அது ஒரு பழைய வழக்கம். அப்படிப் போட்டால் முதல் நாலு மணிக்கும் வெறும் ஐ, அடுத்த நாலுக்கும் வி வரும், கடைசி நாலுக்கும் எக்ஸ் வரும். பார்க்க அழகாகப் பிரிந்து நிற்கும். ஆனால் எழுதும்போது ஐ-வி. போன மாதம் நீ அனுப்பின லண்டன் பிக் பென் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் ஊர்க்காரர்கள் அந்தக் கடிகாரத்தில் ஐ-வி என்றே போட்டிருக்கிறார்கள். நம் வீட்டிலும் அப்படி ஒரு கடிகாரம் இருந்திருந்தால் உனக்கு ஒரு மார்க் மிஞ்சியிருக்கும்.

ஆனால் உன் சாப்பாட்டு டப்பா விஷயத்தில் நான் கெட்டிக்காரன், அதை மறந்துவிடாதே. ஐந்தாம் வகுப்பில் உன் பெயருக்குக் கீழே வி என்று வெட்டினேன். ஆறாம் வகுப்பு வந்ததும் பக்கத்தில் ஒரு கோடு. ஏழுக்கு இன்னொன்று, எட்டுக்கு இன்னொன்று. வருஷத்துக்கு ஒரு கோடு, டப்பா அதே டப்பா. ஒன்பதாம் வகுப்பில்தான் மாட்டிக்கொண்டேன். வி-ஐ-ஐ-ஐ எந்தக் கோடு சேர்த்தாலும் ஐ-எக்ஸ் ஆகாது. உனக்குப் புது டப்பா கிடைத்தது அதனால்தான். நீ நன்றாகப் படித்ததற்கு என்று அம்மா சொன்னாள், அதையும் வைத்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தினமும் ராத்திரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பழகினேன். எல் ஐம்பது, சி நூறு, டி ஐந்நூறு, எம் ஆயிரம். ஒரே எழுத்து அடுத்தடுத்து மூன்று தடவைக்கு மேல் வராது. வி, எல், டி மூன்றும் இரண்டாவது தடவையே வராது. இதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. முன்னால் வைத்துக் கழிக்கிற வேலையில்தான் தடுக்கிக்கொண்டே இருந்தேன். தொண்ணூற்றொன்பதுக்கு ஐ-சி என்று ஏன் எழுதக் கூடாது? நூறில் ஒன்று குறைவுதானே? யூடியூபில் ஒரு பையன் கூடாது என்றான், ஏன் என்று சொல்லவில்லை. அம்மா தாளை எட்டிப் பார்த்து, “எழுத்து எட்டேகால் லட்சணமா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டுக்கு அ, காலுக்கு வ, சேர்த்தால் அவலட்சணம் என்று எண்ணை எழுத்தாக்கித் திட்டுகிற ஜனம் நாம், ரோமாபுரிக்காரர்கள் எழுத்தை எண்ணாக்கினதில் என்ன அதிசயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் வெட்டும்போது செய்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். நான் எந்தப் பெயரையும் முணுமுணுத்துக்கொண்டுதான் வெட்டுவேன், இல்லாவிட்டால் ஒரு எழுத்து விட்டுப்போகும். அந்தப் பெண் கொடுத்த சீட்டில் வருஷம் எம்-சி-எம்-எக்ஸ்-சி-ஐ-எக்ஸ் என்று இருந்தது. நான் தமிழில் சொன்னேன். ஆயிரத்து, எம். தொள்ளாயிரத்து, சி-எம். தொண்ணூற்று, எக்ஸ்-சி. ஒன்பது, ஐ-எக்ஸ்.

பாப்பா, நீ ஒருதடவை சொல்லிப் பார். தொள்ளாயிரம் என்ற சொல்லுக்குள் ஆயிரம் இருக்கிறது, சி-எம்முக்குள் எம் இருக்கிற மாதிரி. தொண்ணூறுக்குள் நூறு இருக்கிறது, எக்ஸ்-சிக்குள் சி. ஒன்பதுக்குள் பது இருக்கிறது, ஐ-எக்ஸுக்குள் எக்ஸ். எண்பதுக்கு அடுத்தது வருகிறபோது நாமும் அடுத்த வீட்டுப் பெரியவரைத்தான் கூப்பிடுகிறோம். எனக்கு அறுபது வயசு நெருங்குகிறது, இத்தனை வருஷம் தொண்ணூறு தொண்ணூறு என்று சொல்லியும் அதற்குள் நூறு உட்கார்ந்திருப்பது காதில் விழவில்லை.

ஐ-சி ஏன் கூடாது என்பதும் அப்போதுதான் விளங்கியது. தொண்ணூற்றொன்பது என்று இரண்டாகத்தானே சொல்கிறோம்? முதலில் தொண்ணூறு, எக்ஸ்-சி. அப்புறம் ஒன்பது, ஐ-எக்ஸ். ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஐ போய் வியிடமும் எக்ஸிடமும் மட்டும்தான் ஒட்டிக்கொள்ளலாம். எக்ஸுக்கு எல், சி. சிக்கு டி, எம். என் ஐ-எம்-எம் செய்தது, தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் நேராக ரிசர்வ் வங்கிக்குப் போய்ச் சில்லறை கேட்ட மாதிரி.

நாலுக்கு மட்டும் வாய் உதவி செய்யாது. நாற்பது என்றால் நாலு பத்து, நானூறு என்றால் நாலு நூறு, அதில் ஐம்பதும் இல்லை, ஐந்நூறும் இல்லை. எக்ஸ்-எல், சி-டி என்று ஞாபகம் வைத்தே எழுத வேண்டியிருக்கிறது. நீயும் நாலில்தான் மார்க்கை விட்டாய், நானும் இன்னும் அதில்தான் ஒரு நொடி தயங்குகிறேன்.

பாட்டியின் பித்தளை அண்டா ஞாபகம் இருக்கிறதா? அதன் கழுத்தில் ௨௰௩ என்று உளியால் புள்ளி புள்ளியாக அடித்திருக்கும். எடையோ, வரிசை எண்ணோ, பாட்டிக்கே தெரியாது. அது இருபத்து மூன்று. இரண்டு, பத்து, மூன்று என்று சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறார்கள். ரோமனில் அதுவே எக்ஸ்-எக்ஸ்-ஐ-ஐ-ஐ. இரண்டு பத்து என்று எண்ணிச் சொல்லாமல் பத்தை இரண்டு தடவை போடுகிறார்கள். 1888 என்று எழுதப் பழைய தமிழில் ௲௮௱௮௰௮, ஆறு குறி. ரோமனில் பதின்மூன்று எழுத்து, நானே எண்ணினேன். இரண்டிலும் பூஜ்யம் கிடையாது. ரோமாபுரிக்காரர்கள் கணக்குப் போடப் பலகையில் கூழாங்கல்லை நகர்த்துவார்களாம், கால்குலேட்டர் என்ற வார்த்தையே அந்தக் கூழாங்கல்லில் இருந்துதான் வந்ததாம். நம் பல்லாங்குழிக்குத் தூரத்துச் சொந்தம் போல.

எனக்கென்ன, எழுத்துக்கு இரண்டு ரூபாய். 1999 என்று சாதாரணமாக வெட்டினால் எட்டு ரூபாய், ரோமனில் பதினாலு. 2000-இல் கல்யாணம் செய்தவர்கள் வந்தால்தான் நஷ்டம், எம்-எம்மோடு முடிந்துவிடும்.

சிரிக்க ஒன்று சொல்கிறேன். பாட்டியின் டப்பாவில் இருந்த காலணாக்களைத் துடைத்து வைத்தேன். சின்ன வயசில் நீ ஜார்ஜ் வி என்று படித்துவிட்டு, இவருக்கு மட்டும் இனிஷியல் ஏன் பின்னாடி என்று கேட்டாய். இன்னொரு காசில் ஜார்ஜ் வி-ஐ என்று இருந்தது, இவருக்கு இரண்டு இனிஷியல் என்று நீயே முடிவு செய்தாய். நானும் ஆமாம் என்றேன். தினமும் நூறு பேருக்கு இனிஷியல் வெட்டுகிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? ஐந்தாம் ஜார்ஜ், அவருடைய மகன் ஆறாம் ஜார்ஜ். அப்பா பெயர் ஜார்ஜ் என்றால் நம் வழக்கப்படி இனிஷியல் ஜி அல்லவா வந்திருக்க வேண்டும்?

அம்மா உனக்குப் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். பருப்புப் பொடி, வெங்காய வடகம், அப்பளம். ஆகஸ்டில் உனக்கு இருபத்தைந்து முடிகிறது, அதற்காக நான் ஒரு டபரா செட் வைத்திருக்கிறேன். டம்ளரில் உன் பெயர். டபராவின் அடியில் பிறந்த தேதி, 24-8-1999. முதலில் காலண்டர் தாளில் மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வெட்டினேன். எக்ஸ்-எக்ஸ்-ஐ-வி, வி-ஐ-ஐ-ஐ, எம்-சி-எம்-எக்ஸ்-சி-ஐ-எக்ஸ். பதினைந்து எழுத்து, முப்பது ரூபாய் வேலை. அம்மா பார்த்துவிட்டு, கோலம் நன்றாக இருக்கிறது என்றாள்.

பார்சல் வந்ததும் டபராவைக் கவிழ்த்துப் பார். நாலுக்கு நாலு கோடு போடவில்லை.

அன்புடன்,
அப்பா