செயலாளர் ஆண்டறிக்கை: பயிற்சி மாணவர்களும் பாடப் பொருள்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான ஆசிரியர் தகுதித் தேர்வு வகுப்புகள் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது, ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்காக நாம் தொடங்கிய பாடப் பொருள் அறையைப் பற்றி, அதாவது பாடம் நடத்த உதவும் பொருள்களை எடுத்துப்போகும் அறையைப் பற்றி.

பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு ஆண்டாகிவிட்டது. அதில் 20 வாரம் பள்ளியில் இருந்தே பழக வேண்டும். நூலகத்தில் 3000 புத்தகமாவது வேண்டும் என்கின்றன தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள். ஆய்வகம், கருவிகள் எல்லாமே வேண்டும். சரி, வாங்கி வைத்தது மாணவர் கைக்கு வருகிறதா?

ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு பயிற்சி நிறுவனத்துக்குப் போனோம். உப்புக்காற்றில் இரும்பு பீரோவின் பூட்டு துருவேறி, தேங்காய் எண்ணெய் விட்ட பிறகுதான் சாவி திரும்பியது. உள்ளே நுண்ணோக்கி உறை பிரிக்காமல் இருந்தது. லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. வெளியே மாணவிகள் சொந்தக் காசில் சார்ட் வாங்கி வரைந்துகொண்டிருந்தார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மர அலமாரி போடுங்கள், அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தோம். புழங்காத பொருள்தான் இந்தக் கடற்கரையில் சீக்கிரம் கெடுகிறது.

நம் அறையில் விலை கூடிய பொருள் எதுவும் இல்லை. புளியங்கொட்டை, ஓலைப்பெட்டி, தராசு, ஈர்க்குக் கட்டுகள். பாம்பன் பக்கத்துப் பள்ளியில் ஒரு பயிற்சி மாணவி இரண்டாம் வகுப்புக்கு 42-இல் 17-ஐக் கழிக்கச் சொல்லிக்கொடுத்தார். பத்துப் பத்தாகக் கட்டிய நாலு கட்டு, இரண்டு உதிரி. இரண்டில் ஏழு போகாது என்று முழித்த பையன், தானே ஒரு கட்டின் நூலை அவிழ்த்தான். பன்னிரண்டில் ஏழை எடுத்தான், ஒரு கட்டையும் எடுத்து வைத்தான். மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து உதிரி. 'கடன் வாங்குதல்' என்று நாம் கரும்பலகையில் எத்தனை வருடம் சொல்லியிருப்போம்! அந்த நூல் அவிழ்ந்த நேரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஒரு வேண்டுகோள். அறிவியல் பாடத்துக்கென்று பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை கொண்டுவர வேண்டாம். மூன்றும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. படம் போதும், அப்புறம் பிள்ளைகளைக் கரைக்கே கூட்டிப்போகலாம்.

அறை சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை திறந்திருக்கும். பொருளை எடுப்பவர்கள் நோட்டில் எழுதிவிட்டு எடுக்கவும். ஈர்க்குக் கட்டு இன்னும் தேவைப்படுகிறது, வீட்டில் ஓலை இருப்பவர்கள் சீவி அனுப்புங்கள்.