மழை நாட்களில் பள்ளிக்கு வந்து போக: பெற்றோர் கவனத்துக்கு

வணக்கம். நம் குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசித்துவிடுங்கள்.

முதலில் சானல், அதாவது பாசனக் கால்வாய். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் கரையை ஒட்டி ஓடும். பாசி பிடித்த படியில் பெரியவர்களுக்கே கால் வழுக்கும். கரை வழியாக நடந்து வரும் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். செருப்பு தண்ணீரில் போனால் போகட்டும், எடுக்க இறங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். பிள்ளைகள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

மாலையில் வழக்கமாக வருபவர் வர முடியாவிட்டால், யார் வருகிறார் என்று 3 மணிக்குள் வகுப்பு டீச்சருக்குப் போன் செய்யுங்கள். "நான் மாமாதான்" என்று யார் வந்து நின்றாலும் அனுப்ப மாட்டோம், கோபப்பட வேண்டாம். பைக்கை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். காய்ச்சல் என்றால் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும்.

மழை விடுமுறை கலெக்டர் அறிவித்தால்தான். பக்கத்து மாவட்டச் செய்தியை இந்தப் பெற்றோர் குரூப்பில் போடாதீர்கள். போன தடவை அதை நம்பிப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை.

அப்புறம், பிள்ளைகளுக்கு யாராலாவது தொந்தரவு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். எண்ணை இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.