எழுதிக் கொடுப்பவர் பெயரில் தேடு

அன்புள்ள கயல்,

சான் ஹோசே வீட்டில் மாப்பிள்ளை பெயரையும் சேர்க்க, வக்கீல் இல்லாமல் நீயே பத்திரம் தயார் செய்து நியூ ஜெர்சியிலிருந்து தபாலில் அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். அனுப்பலாம். வீடு எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறதோ அங்கேதான் பதிவு, ஆகவே சான்டா கிளாரா கவுண்டியில் பத்திரம் பதியும் ரெக்கார்டர் அலுவலகத்துக்கு. நேரில் போக வேண்டியதில்லை, வக்கீல் எங்கே என்று அவர்கள் கேட்பதுமில்லை. வேறு எதையுமே கேட்க மாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

நம்மூர் சார்பதிவாளர் ஆபீஸில் எழுதிக் கொடுப்பவரும் சாட்சிகளும் நேரில் நின்று கைரேகை வைக்க வேண்டும். இங்கே தாள் அளவு, நோட்டரி சான்று, கட்டணம் மூன்றும் சரியாக இருந்தால் எண் போட்டு, ஸ்கேன் எடுத்து, பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே எழுதியிருப்பது செல்லுமா என்று பார்ப்பது அவர்கள் வேலை அல்ல. போலிக் கையெழுத்துப் போட்ட பத்திரம்கூடப் பதிவாகும். பதிவானதால் அது செல்லுபடியாகிவிடாது. பதிவு செய்யாமலே உங்கள் இருவருக்குள் பத்திரம் செல்லும். ஆனால் விஷயம் தெரியாமல் பணம் கொடுத்து வாங்கிய ஒருவர் முதலில் பதிவு செய்துவிட்டால் கலிபோர்னியா சட்டம் அவர் பக்கம்.

எழுதுவதற்கு முன் வில்லங்கம் பார். நம்மூரில் சர்வே எண்ணைக் கொடுத்தால் வில்லங்கச் சான்று வந்துவிடும். ரெக்கார்டரிடம் அட்டவணை ஆள் பெயரில் இருக்கிறது. எழுதிக் கொடுப்பவர் பட்டியல் ஒன்று, எழுதி வாங்குபவர் பட்டியல் ஒன்று. தாய்ப்பத்திரம்வரை போக வேண்டுமானால், இன்றைய உரிமையாளரை வாங்குபவர் பட்டியலில் பிடித்து, அவருக்கு யார் கொடுத்தார் என்று பார்த்து, அந்த ஆளை மறுபடி வாங்குபவர் பட்டியலில் தேடிப் பின்னால் நடக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் வாங்கிய நாளிலிருந்து விற்ற நாள்வரை எழுதிக் கொடுப்பவர் பட்டியலில் என்னென்ன செய்தார் என்று முன்னால் வர வேண்டும். பாதிப் பேர் பின்னால் நடப்பதோடு நிறுத்திவிடுவார்கள். அடமானமும் பாத்தியதையும் இருப்பதெல்லாம் முன்னால் வரும் வழியில்தான்.

உனக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். வாங்கும்போது எடுத்த டைட்டில் இன்சூரன்ஸ் (உரிமைக் காப்பீடு) அந்த நாள் வரையிலான வில்லங்கத்துக்குப் பொறுப்பு. அதில் 'அட்டவணை பி' என்று விதிவிலக்குகள் இருக்கும் பக்கத்தை மட்டும் ஒருமுறை படி. வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை உன் பெயரை இரண்டு பட்டியலிலும் தேடினால் போதும். கலிபோர்னியாவில் பல கவுண்டிகள் அட்டவணையை மட்டும் இணையத்தில் காட்டும், பத்திரத்தின் படத்தைக் காட்டாது. எண்ணைக் குறித்துக்கொண்டு, பணம் கட்டி நகல் வாங்கு.

பட்டியலில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் வாங்கிய கடனுக்கு ஒரு டீட் ஆஃப் டிரஸ்ட், அதாவது அடமானப் பத்திரம்; மறுநிதி செய்தபோது, அதாவது புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைத்தபோது, இன்னொன்று. பழைய கடன் அடைந்ததற்கு ஒரு ரீகன்வேயன்ஸ் (அடமான விடுவிப்பு) பதிவாகியிருக்க வேண்டும். கடன் முடிந்ததும் வங்கி 30 நாளுக்குள் காகிதங்களை டிரஸ்டியிடம் (அடமானப் பத்திரத்தில் இருவருக்கும் நடுவே நிற்பவர்) தர வேண்டும், அவர் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். கடன் கைமாறி, வங்கி பெயர் மாறும்போது இது விட்டுப்போவது சகஜம். விடுபட்டிருந்தால் இப்போதே எழுதிக் கேள். அந்த வங்கி இன்னொன்றோடு இணைந்த பிறகு யாரிடம் கேட்பது என்பதே தெரியாது. கூரை வேலைக்காரர் கூலி பாக்கிக்காக வீட்டின் மேல் மெக்கானிக்ஸ் லியன் என்ற பாத்தியதை போட்டிருக்கிறாரா என்றும் பார். பதிவு செய்த 90 நாளுக்குள் அவர் வழக்குப் போடாவிட்டால் அதற்கு வலு இல்லை, ஆனால் பட்டியலில் உட்கார்ந்துகொண்டு விற்கும் நேரத்தில் தொல்லை தரும். சோலார் தகடு வாடகைக்கு எடுத்திருந்தால் அதற்கும் ஓர் அறிவிப்பு பதிவாகியிருக்கும்.

சொத்து வரி பாக்கி ரெக்கார்டரிடம் தெரியாது, அதற்கு வரி வசூல் அலுவலகம். விவாகரத்து, வாரிசு வழக்குகள் கோர்ட்டில்.

இப்போது பெயர். நம் ஆட்களுக்கு முக்கால்வாசிக் குழப்பம் இதில்தான் வருகிறது. அட்டவணை கடைசிப் பெயரை முதலில் வைக்கும். நீ வாங்கியபோது கயல்விழி முருகேசன்; இப்போது கயல்விழி கார்த்திகேயன். புதிய பெயரில் மட்டும் கையெழுத்துப் போட்டால், முருகேசன் வாங்கிய வீட்டை முருகேசன் யாருக்கும் கொடுத்ததாகப் பட்டியலில் இருக்காது. கார்த்திகேயன் என்று ஒருத்தி எங்கிருந்தோ வந்து கொடுத்ததாக இருக்கும். சங்கிலி அறுந்தது. ஆகவே எழுதிக் கொடுப்பவர் இடத்தில், 'கயல்விழி முருகேசன் என்ற பெயரில் உரிமை பெற்ற கயல்விழி கார்த்திகேயன்' என்று இரண்டையும் எழுது. இதற்கென்றே ஆங்கிலத்தில் வழக்கமான ஒரு வாசகம் உண்டு. இரண்டு பெயரிலும் அட்டவணைப்படுத்துவார்கள். தேடும்போதும் இரண்டையும் போடு, முன்பின் மாற்றியும் போடு. இனிஷியலைக் கடைசிப் பெயராக வைத்த பத்திரங்கள் வெறும் 'எம்' என்ற எழுத்தின் கீழ் கிடக்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தவர்களுக்கு விசாவில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று விழுந்து, அதுவே பத்திரத்திலும் ஏறியிருக்கும். உன் பெயரிலேயே கோர்ட் தீர்ப்புப் பாக்கி ஒன்று தென்பட்டால் பயந்துவிடாதே. நகலை வாங்கி முகவரியைப் பார்; முருகேசன்கள் கலிபோர்னியாவில் நிறையப் பேர்.

பத்திரத்தை நீ உன்னிடமிருந்து 'கயல்விழிக்கும் கார்த்திகேயனுக்கும் ஜாயின்ட் டெனன்ட்ஸாக' என்று எழுத வேண்டும், அதாவது கூட்டு உரிமையாளர்களாக. அவருக்குப் பாதி என்று மட்டும் எழுதினால் ஒருவர் காலத்துக்குப் பின் மற்றவருக்குத் தானாகப் போகாது. ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்ற சொல் பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டும். கல்யாணத்துக்கு முன் வாங்கிய வீடு, உன் தனிச்சொத்து. யோசித்துத்தான் செய்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன், அதற்குமேல் அம்மா எதுவும் கேட்கவில்லை.

சொத்து விவரத்தைப் பழைய பத்திரத்திலிருந்து ஒரு காற்புள்ளி விடாமல் எடுத்து எழுது. லாட் (மனை) எண், டிராக்ட் (மனைப்பிரிவு) எண், மேப் புத்தகம், பக்கம் எல்லாம். பார்சல் எண்ணும் போட வேண்டும், ஆனால் அது வரிக்கான எண். சொத்து விவரத்துக்குப் பதிலாகாது. 14 என்பது 41 ஆனால் பக்கத்துத் தெரு வீட்டை மாப்பிள்ளைக்கு எழுதிக் கொடுத்திருப்பாய். திருத்த மறுபடி கையெழுத்து, மறுபடி நோட்டரி, மறுபடி கட்டணம்.

தாள் எட்டரைக்குப் பதினொன்று அங்குலம். முதல் பக்கத்தின் மேல் இரண்டரை அங்குலத்தில் இடது மூன்றரை அங்குலம் பதிவு கோருபவர் பெயருக்கும் திருப்பி அனுப்பும் முகவரிக்கும். வலது ஐந்து அங்குலம் ரெக்கார்டருக்கு, அதில் ஒரு புள்ளிகூட விழக்கூடாது. இரு ஓரத்திலும் அரை அங்குலம் காலி. நீ மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும், வாங்குபவர் போட வேண்டாம். நியூ ஜெர்சி நோட்டரி அந்த மாநில முறைப்படி தரும் சான்றைக் கலிபோர்னியா ஏற்கும். முத்திரை எழுத்தின் மேல் விழுந்தாலோ மை பரவினாலோ ஸ்கேனில் தெரியாது என்று திருப்பிவிடுவார்கள். நோட்டரி முன்னாலேயே பார்த்துவிட்டு வா.

கட்டணத்தில் நீ கவனிக்க வேண்டியது 75 டாலர். 2018 முதல் வீட்டுவசதி நிதிக்காக எடுக்கிறார்கள். சொந்தக் குடியிருப்பாக வைத்துக்கொள்பவருக்கு மாற்றினால் விலக்கு உண்டு, நீ வாடகைக்கு விட்டிருக்கிறாய், ஆகவே கட்டத்தான் வேண்டும். விலக்கு என்று தெரியாமல் எழுதிவிடாதே. சொத்துக் கைமாறும்போது கட்டும் மாற்ற வரி, மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 1 டாலர் 10 சென்ட், அதன் மேல் சான் ஹோசே நகரம் 3 டாலர் 30 சென்ட். தானமாகக் கொடுப்பதால் உனக்கு அது இல்லை, ஆனால் 'தானம், வருவாய் மற்றும் வரிச் சட்டம் 11930' என்று பத்திரத்தின் முகப்பில் காரணம் எழுத வேண்டும். கூடவே உரிமை மாற்ற அறிக்கைப் படிவம், மாப்பிள்ளை கையெழுத்தோடு. அது இல்லாவிட்டால் 20 டாலர் கூடுதல். கணவன் மனைவிக்கிடையே மாற்றுவதால் வீட்டு மதிப்பை வரிக்காக உயர்த்த மாட்டார்கள், அந்தப் படிவத்தில் அதற்கான கட்டத்தில் மட்டும் டிக் போட மறக்காதே.

அனுப்புமுன் மூன்று பேரிடம் எழுதிக் கேள். வங்கியிடம், பெயர் சேர்ப்பதில் ஆட்சேபம் உண்டா என்று. வாடகை வீடு என்பதைச் சொல்லியே கேள். டைட்டில் கம்பெனியிடம், பாலிசி மாப்பிள்ளைக்கும் செல்லுமா என்று. மூன்றாவது வரிக் கணக்கர். மாப்பிள்ளை இன்னும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை. குடிமகனல்லாத கணவனுக்குக் கொடுக்கும் தானத்துக்கு ஆண்டு வரம்பு உண்டு. 2025க்கு 190,000 டாலர். பாதி வீட்டின் மதிப்பு அதைத் தாண்டுமா என்று அவர் சொல்லட்டும்.

பதிவான சில வாரத்தில், அரசாங்கக் கடிதம் மாதிரி ஒன்று வரும்: உங்கள் பத்திரத்தின் சான்று நகல் வேண்டுமென்றால் நூறு டாலர் அனுப்புங்கள் என்று. கிழித்துப் போடு. கவுண்டியில் சில டாலருக்கே கிடைக்கும்.

நோட்டரியிடம் போவதற்கு முன் வரைவின் போட்டோவும் பழைய பத்திரத்தின் போட்டோவும் அனுப்பு. சொத்து விவரத்தை நான் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அம்மா