ஐந்து வயதுக்குப் பிறகு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மருத்துவன் நோயாளியானால் எவ்வளவு அடம் பிடிப்பான் என்பதைப் பற்றி உன் மனைவி தனியாக எழுதியிருந்தார். அதை உன்னிடம் சொல்ல மாட்டேன். எனக்கும் இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தெம்பில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

சரி, கடிதத்தோடு நீ அனுப்பிய கட்டுரையைப் பற்றிச் சண்டைக்கு வருகிறேன். "கருவில் தொடங்கி இரண்டு வயது வரை, அந்த ஆயிரம் நாளில் எல்லாம் தீர்மானமாகிவிடுகிறது. அதைக் கோட்டைவிட்டபின் பள்ளிக்கூடம் கட்டி என்ன, கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து என்ன?" என்று எழுதியிருக்கிறாய். ஆயுள் முழுக்கக் குழந்தைகள் வார்டில் நின்றவன் நீ, அப்படித்தான் எழுதுவாய். நான் ஆயுள் முழுக்கக் கல்வித் துறையில், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு இருந்தவன். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் நடந்த ஆய்வு உனக்குத் தெரிந்ததுதான். இரண்டு கிராமங்களுக்குப் புரதம் சேர்த்த கஞ்சி, மற்ற இரண்டுக்கு வெறும் இனிப்பு பானம். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானபின் தேடிப்போய்ப் பார்த்தார்கள். மூன்று வயதுக்குள் கஞ்சி கிடைத்த ஆண்களின் மணிக்கூலி 46 சதவீதம் அதிகமாக இருந்தது. பெண்கள் ஒரு வகுப்புக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். மூன்று வயதுக்குப் பிறகு கஞ்சி குடித்தவர்களுக்கு அந்தக் கூலி உயர்வு இல்லை. உனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் அடுத்த சாட்சி ஜமைக்காவிலிருந்து வருகிறது. கிங்ஸ்டன் நகரத்தில் 1986-87-இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதிக்குக் கூடுதல் சத்துணவு. ஒரு பகுதிக்கு, வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, தாய் குழந்தையோடு எப்படி விளையாடலாம், எப்படிப் பேசலாம் என்று காட்டிக்கொடுப்பார். பொம்மைகள் வீட்டில் கிடந்த பொருட்களில் செய்தவை. இன்னொரு பகுதிக்கு இரண்டும். நான்காவது பகுதிக்கு எதுவும் இல்லை. இரண்டு வருடம் நடந்தது. இருபது வருடம் கழித்துப் பார்த்தால், விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். சத்துணவு மட்டும் பெற்றவர்களுக்கு அப்படி நீண்டகாலப் பலன் எதுவும் தென்படவில்லை. இதுவும் உன் ஆயிரம் நாளுக்குள் தொடங்கியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வேலை செய்த மருந்தைப் பார். பேச்சும் விளையாட்டும். அது உன் துறையா, என் துறையா?

இன்னொன்றையும் பார். எத்தியோப்பியா, இந்தியா, பெரு, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளில் 12,000 பிள்ளைகளை 2002 வாக்கிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் தொடர்ந்து பின்தொடர்ந்து வருகிறார்கள். ஒரே பிள்ளைகளை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. அதில் தெரிந்த ஒன்று உன்னைக் கொஞ்சம் உறுத்த வேண்டும். ஒரு வயதில் குன்றியிருந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர் எட்டு வயதுக்குள் மீண்டு வந்தார்கள். ஒரு வயதில் நன்றாக இருந்த சிலர் அதற்குப் பிறகு குன்றிப்போனார்கள். மீண்டவர்கள் மீளாதவர்களைவிடப் படிப்பிலும் முன்னால் இருந்தார்கள். அப்படியானால் ஆயிரமாவது நாளில் கதவு இழுத்துச் சாத்தப்படவில்லை. அதற்குப் பிறகும் பிள்ளைகள் ஏறுகிறார்கள், சரிகிறார்கள். சரிகிறவர்களை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

யாரும் இல்லை என்பதே பதில். உங்கள் துறை சாதித்தது பெரிய சாதனை. 1990-இல் ஆண்டுக்கு ஒன்றேகால் கோடிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2022-இல் அது 49 லட்சம். பிழைத்த அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள். இன்று உலகில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் சுமார் 130 கோடி, பெரும்பாலோர் ஏழை, நடுத்தர நாடுகளில். அமெரிக்க உதவிப் பணத்தில் 1984 முதல் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகளைத்தான் நாம் எல்லோரும் மேற்கோள் காட்டி வந்தோம். அவற்றில் உயரமும் எடையும் பார்த்தது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. பேட்டி கண்டது 15 முதல் 49 வயதுப் பெண்களை. பல நாடுகளில் ஆண்களையும். நடுவில் பத்து வருடம் பள்ளம். பள்ளிக்குப் போகிறானா இல்லையா என்பதோடு சரி. ரத்தசோகை உண்டா, கண் தெரிகிறதா, இரவில் தூங்குகிறானா, யாரும் கேட்கவில்லை. 2025 பிப்ரவரியில் அந்த நிதியும் நின்றது. இருந்த கணக்குக்கும் அந்தக் கதி என்றால், இல்லாத கணக்கு எப்போது வரும்?

என் துறையைப் பற்றியும் நல்லவிதமாக எழுதிவிடப் போகிறேன் என்று நினைக்காதே. 1994-இல் மலாவி தொடக்கக் கல்விக் கட்டணத்தை ரத்து செய்தது. பள்ளியில் இருந்த பிள்ளைகள் ஒரே ஆண்டில் சுமார் 19 லட்சத்திலிருந்து 29 லட்சத்தைத் தாண்டினார்கள். பயிற்சி இல்லாத ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் அவசரமாகச் சேர்க்கப்பட்டார்கள். முதல் வகுப்பில் நூறு பிள்ளைகளுக்கு மேல், பல இடங்களில் மரத்தடியில். பள்ளிக்கு வந்தார்கள், படித்தார்களா என்பது வேறு. ஏழை, நடுத்தர நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஒரு எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் இருக்கிறார்கள் என்று உலக வங்கி 2019-இல் சொன்னது. கொரோனாவுக்கு முந்தைய கணக்கு அது. உகாண்டாவில் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி, 2022 ஜனவரியில்தான் முழுமையாகத் திறந்தன. இடையில் திருமணமாகிப் போன, பிள்ளை பெற்ற பெண்கள் பலர் திரும்பவே இல்லை. பாடத்திட்டத்தை முடிப்பதில் எங்கள் ஆட்களுக்கு இருக்கும் வெறி, முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு எழுத்து தெரியுமா என்பதில் இல்லை. இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு அமைப்பு, வகுப்பை மறந்துவிட்டு, பிள்ளைக்கு எது தெரியுமோ அதை வைத்துக் குழுவாகப் பிரித்து நாளுக்கு ஓரிரு மணி நேரம் சொல்லித் தரும் முறையைக் கொண்டுவந்தது. ஜாம்பியா அரசும் அதை எடுத்துக்கொண்டது. ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டத் தொடங்கலாம் என்பதற்கு அதுவே சான்று. ஆயிரம் நாள் கடந்தவர்கள்தான் அவர்களும்!

கண் விஷயத்துக்கு வருகிறேன். புரை எடுத்ததிலிருந்து இதே நினைப்பு. மேற்குச் சீனாவில் ஷான்சி, கான்சூ பகுதிகளில் 252 தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகளின் பார்வையைச் சோதித்து, தேவைப்பட்டவர்களில் ஒரு பகுதிக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே பள்ளி ஆண்டுக்குள் கணித மதிப்பெண் கூடியது. கிடைத்தவர்களிலும் பலர் கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை, கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் கெடும் என்ற நம்பிக்கை வீட்டில். அப்படியும் பலன் தெரிந்தது. இதை நீ எந்தக் கணக்கில் எழுதுவாய்? மருத்துவச் செலவா, கல்விச் செலவா? எந்தத் துறையின் பட்டியலிலும் சேராததால்தான் பெரும்பாலான இடங்களில் அது நடக்காமலே போகிறது.

பணியில் இருந்தபோது இப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிப் பெண்களுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது பற்றி. மாத்திரை உங்கள் பொருள், நீங்களே வந்து கொடுங்கள் என்றார்கள் எங்கள் பக்கத்தார். பிள்ளைகள் உங்கள் பிள்ளைகள், நீங்களே கொடுங்கள் என்றார்கள் சுகாதாரத் துறையார். பதிவேட்டில் யார் கையெழுத்து போடுவது என்பதில் மதியம் போய்விட்டது. பெட்டிகள் அலமாரியிலேயே காலாவதியாயின. பேசியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம்.

இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறேன், உனக்கு ரொம்பப் பிடிக்கும். போட்ஸ்வானா 1996-இல் பத்தாம் வகுப்பை உயர்நிலைப் பள்ளியிலிருந்து பிரித்து, அருகிலிருந்த நடுநிலைப் பள்ளியோடு சேர்த்தது. நிர்வாகச் சீர்திருத்தம், அவ்வளவுதான். அதனால் நிறையப் பேர் ஒரு வருடம் கூடுதலாகப் படித்தார்கள். பின்னாளில் ரத்தப் பரிசோதனைக் கணக்கைப் பார்த்தபோது, கூடுதலாகப் படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு எட்டுச் சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது. அதுவும் நாலில் ஒருவருக்குத் தொற்று இருந்த தலைமுறையில். பெண்களிடம் பலன் இன்னும் அதிகம். எந்தச் சுகாதார அமைச்சர் தன் சாதனைப் பட்டியலில் பத்தாம் வகுப்பைச் சேர்ப்பார் சொல்.

மனநலம் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. நம் காலத்தில் யாரும் எழுதியதில்லை, தெரியும். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்குத் தற்கொலை உலக அளவில் மூன்றாவது பெரிய காரணம். உலகில் நடக்கும் தற்கொலைகளில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏழை, நடுத்தர நாடுகளில்தான். மனநல மருத்துவர் எல்லா இடத்திலும் கிடைக்கும்வரை காத்திருந்தால் நடக்காது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். வருகிறவர்கள் மனதில் இருப்பதைக் கொட்டுவார்கள், பாட்டி கேட்டு, ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்க்க வழி யோசிக்க வைப்பார். 2016-இல் வந்த ஆய்வில் மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. இளைஞர்களுக்கு அவர்கள் வயதுக்காரர்களையே உட்கார வைக்கும் முயற்சியும் பின்னால் வந்தது. அப்புறம் சாலை விபத்து. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களைக் கொல்வதில் முதலிடம் அதற்குத்தான். நீ ஆயிரம் நாள் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியவன் பள்ளிக்குப் போகும் வழியில் அடிபட்டுச் சாகிறான்.

பணம் எங்கே என்பாய். நியாயமான கேள்வி. கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவிடுவதைவிடக் கடன் வட்டிக்கு அதிகம் கட்டும் நாடுகளில் 330 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்று ஐ.நா. 2024-இல் சொன்னது. ஆகவே உன் ஆயிரம் நாளிலிருந்து காசை எடுத்து என் பிள்ளைகளுக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை. நீயும் நானும் ஒரே உண்டியலுக்காகச் சண்டை போடுகிறோம், உண்டியல் வேறெங்கோ காலியாகிறது. உன் கட்டுரையில் "அதற்குப் பிறகு செலவிடுவது வீண்" என்ற அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடு. நிதி அமைச்சகத்தில் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் வெட்டுவார்கள்.

ஒரு சந்தேகம், இது உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். ஜமைக்காவில் சத்துணவு மட்டும் கிடைத்த குழந்தைகளுக்குப் பலன் நிற்கவில்லை, குவாத்தமாலாவில் நின்றது. குவாத்தமாலாவில் கருவிலிருந்தே தொடங்கியதாலா? ஜமைக்காவில் குழந்தைகள் 9 மாதத்துக்கு மேல் ஆனவர்கள். அல்லது வீட்டில் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டதாலா? மருத்துவனாக உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது. என் மகள் தன் ஆய்வேட்டுக்காக இதே கேள்வியில் சிக்கிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் உன் பதிலைக் காட்டுவேன். நேராக உன்னிடமே கேட்கச் சொன்னேன், மாமா கோபக்காரர் என்கிறாள்.

முழங்காலுக்குக் கொடுத்த பயிற்சியை விடாமல் செய். வலிக்கிறது என்று நிறுத்திவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

உன் நண்பன்