கடைமடைப் பாசனதாரர் சங்கம்: 2024-25 செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை. ஜூலை 28 ஆகிவிட்டது. தலைஞாயிறு பக்கத்துக்கு ஆற்றுத் தண்ணீர் எப்போதும் கடைசியில்தான் வரும். பொறுக்க மாட்டாமல் நம்மில் பலர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை, அதாவது போர் தண்ணீரைப் பாய்ச்சினோம். கரிக்கிறது என்று தெரிந்தேதான். ஒரு மழை அடித்தால் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும் என்பது நம் கணக்கு.

மழை அடித்தது. மண் கெட்டது அதற்குப் பிறகுதான். நேரடி விதைப்பு வயல்களில் மேல்மண் பொருக்குத் தட்டி, முளை மேலே வர முடியாமல் உள்ளேயே மடிந்தது. தேங்கிய தண்ணீர் நாள்கணக்கில் கலங்கலாகவே நின்றது. காய்ந்த இடத்தில் மண்வெட்டி இறங்கவில்லை. உரம் பற்றவில்லை என்று இன்னொரு மூட்டை யூரியாவைக் கொட்டியவர்களும் உண்டு, அடியேன் உட்பட.

காரணம் பொதுக்குழுவில் இரண்டு கண்ணாடி டம்ளரில் தெரிந்தது. இரண்டிலும் மழைத் தண்ணீர், போர் பாய்ந்த வயலின் சிறு மண்கட்டி. ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் கலக்கினோம். மறுநாள் காலை அது தெளிந்திருந்தது. மற்றது டீ மாதிரியே இருந்தது. போர் தண்ணீரின் சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரில் உப்பு இருக்கும்வரை களித்துகள்கள் சேர்ந்தே கிடக்கும். மழை உப்பை நீர்க்கச் செய்ததும் அவை பிரிந்து கரைந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. அப்புறம் தண்ணீரும் இறங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்காது. ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை விரட்டி அந்த இடத்தில் உட்கார்கிறது.

உவர் வேறு, களர் வேறு என்று பெரியவர்கள் பிரித்துச் சொன்னது இதைத்தான். உவர் என்றால் உப்பு தேங்கிய மண், அதை நல்ல தண்ணீரே கழுவும். கார அமில நிலை 8.5-க்கு மேல், மண் பிடித்துவைத்திருக்கும் கால்சியம், சோடியம் போன்றவற்றில் சோடியத்தின் பங்கு 15 சதவீதத்துக்கு மேல் என்று பரிசோதனையில் வந்தால் அது களர். ஜிப்சம் இல்லாமல் தீராது. அளவை மண் பரிசோதனைப்படியே போடவும், பக்கத்து வயலைப் பார்த்து அல்ல. போட்டு உழுது, தண்ணீர் கட்டி, வடித்துவிட வேண்டும்.

வடிப்பதற்கு வாய்க்கால் வேண்டுமே! கோடையில் வடிகாலைத் தூர்வாரும் தீர்மானம் நிறைவேறியது, ஆள்தான் சேரவில்லை. இந்தக் கோடையில் வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதையும், களர் தாங்கும் டி.ஆர்.ஒய் 3 நெல்லும் வேண்டுவோர் பெயர் கொடுக்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். டீக்கடையில் கேட்டு வாங்கிய டம்ளர்களில் ஒன்று இன்னும் திரும்பவில்லை, எடுத்தவர் கொடுத்துவிடவும்.

செயலாளர்