காப்புக்கட்டோடு ஆவாரை முடிந்துவிடுகிறதா?

ஐயா,

பொங்கல் நெருங்கினால் காப்புக்கட்டுக்கு ஆவாரங்கிளையைக் கட்டுக்கட்டாக ஒடித்து வருகிறோம். மற்ற நாளில் பொடிக்காகப் பூவை உருவுகிறோம். நட்டு வளர்ப்பவர்தான் அரிது.

விதை முளைக்கவில்லை என்பதே பலரின் குறை. காரணம் தண்ணீர் புகவிடாத அதன் கெட்டித் தோல். காய்ந்து பழுப்பேறிய நெற்றைப் பறித்து, விதையைத் தண்ணீரில் போடுங்கள். மிதப்பதும் ஓட்டை விழுந்ததும் வண்டரித்தவை, ஆகாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நல்ல விதையை அதில் போட்டு இரவு முழுக்க விட வேண்டும். காலையில் உப்பியதை உடனே ஊன்றலாம். உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைத்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் விதை வெந்துபோகும்.

ஆணிவேர்ச் செடி என்பதால், நிற்கப்போகும் இடத்திலேயே ஒரு செ.மீ. ஆழத்தில் குழிக்கு மூன்று விதை ஊன்றுவது மேல். பையில் வளர்த்தால் வேர் அடியில் எட்டிப்பார்க்கும் முன் நட்டுவிடுங்கள். செடிக்குச் செடி ஐந்தடி, நல்ல வெயில். முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர் போதும். ஆவாரையைக் கொல்வது வறட்சியல்ல, பாசத்தில் தினமும் ஊற்றும் தண்ணீர், வேர் அழுகிவிடும். உரம் கூடினால் தழைதான் மிஞ்சும்.

இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் மகரந்தப்பையின் நுனித் துளை வழியாகத்தான் உதிரும். கருவண்டு வந்து பூவைக் கவ்விக்கொண்டு 'விர்ர்' என்று உடம்பை அதிரவைக்கும்போது பொடி கொட்டுவதைப் பக்கத்தில் நின்றால் பார்க்கலாம். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டு காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் கூடு கட்டும். வேலியோரம் பட்ட கட்டை கிடந்தால் கிடக்கட்டும். இலையைத் தின்னும் பச்சைப் புழு, கொன்னை வெள்ளையன் பட்டாம்பூச்சியாக இருக்கலாம். மருந்தடிக்காதீர்கள், செடி மீண்டும் தழைக்கும்.

நாற்று வாங்குவோர் கவனிக்க: முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி வனத்துறை அகற்றிவரும் மஞ்சக்கொன்றைக்கும் பூ மஞ்சள்தான். ஆவாரைக்கு இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற அகன்ற செதில் இருக்கும், நெற்று காகிதம்போல் தட்டையாக இருக்கும். மஞ்சக்கொன்றையின் நெற்று உருளை.

பூப்பறிப்போர் செடிக்குப் பாதியையாவது விட்டுவைத்தால் அடுத்த ஆண்டுக்கு விதை கிடைக்கும்.

இப்படிக்கு,
நாற்றங்கால் வைத்திருக்கும் வாசகர்,
பல்லடம்