நம் வீடா, எங்கள் வீடா?

சே மெம்பி, என் பிள்ளையே,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேரனிடம் நம் பராகுவே மொழியான குவாரனியில் பேசினேன். "பாட்டி, ஸ்பானிஷில் சொல்லுங்க" என்றான். பக்கத்தில் இருந்த நீ ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

அர்ஜென்டினாவில், புவெனோஸ் அயர்ஸில் பிழைக்க ஸ்பானிஷ் வேண்டும், புரிகிறது. கடலே இல்லாத பராகுவேயிலிருந்து பிள்ளைகள் எந்தக் காலத்திலும் ஆற்றோடு கீழே இறங்கித்தான் போயிருக்கிறார்கள். உன்மேல் வருத்தம் அதில் இல்லை.

சர்வாதிகாரி ஸ்த்ரோஸ்னெர் ஆட்சியில் நான் படித்தபோது, வகுப்பில் குவாரனி வாயில் வந்தால் முட்டி போட வேண்டும். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் என் பாட்டி குளிர்ந்த தெரேரே பானம் ஊற்றிக் கொடுத்துத் தன் அம்மாவின் கதையைச் சொல்வாள். பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றோடும் நடந்த போர் 1870இல் முடிந்தபோது ஊரில் ஆண்பிள்ளைகளே இல்லை. அதற்கு முந்தின வருஷம், ஆகஸ்ட் 16 அன்று, அகோஸ்தா ஞூவில் சின்னப் பையன்களைப் போருக்கு நிறுத்தியிருந்தார்கள். நாம் குழந்தைகள் தினம் கொண்டாடுவது அந்தப் பையன்களின் நினைவாகத்தான். மிஞ்சிய பெண்கள் மரவள்ளி நட்டுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். பசித்த பிள்ளையைத் தூங்கவைக்க அவர்கள் பாடியது இந்த மொழியில்தான்.

அப்புறம் பொலிவியாவோடு நடந்த சாக்கோ போரில், 1932 முதல் 1935 வரை, எதிரிக்குப் புரியாமல் சேதி சொல்ல நம் ராணுவத்துக்கே குவாரனி தேவைப்பட்டது. அது ஆட்சி மொழி என்று அரசியலமைப்பு சொன்னது 1992இல். அன்று ரேடியோ முன்னால் நான் அழுதது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

அன்றைக்குப் பேரன் 'நுவெஸ்த்ரா காசா'வுக்கு வெள்ளை அடித்ததாகச் சொன்னான். ஸ்பானிஷில் நம் வீடு, எங்கள் வீடு இரண்டுக்கும் அது ஒன்றுதான். குவாரனியில் சொல்லியிருந்தால், 'ஞாந்தே ரோகா' என்றால் நம் வீடு, நானும் அதில் உண்டு. 'ஓரே ரோகா' என்றால் எங்கள் வீடு, நான் வெளியே. எதைச் சொன்னான் என்று தெரியாமலே போனை வைத்தேன்.

டிசம்பர் லீவுக்கு அவனை இங்கே அனுப்பி வை. உன் பழைய கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். அவன் கைக்கு அடங்குகிற மாதிரி தெரேரே குடிக்கச் சின்ன குவாம்பாக் குவளை ஒன்றும் வாங்கியாயிற்று.

அம்மா